வீரம்மாவின் வெயில்

இரண்டு மாதமாகப் பனியிலும் தூறலிலும் ஊறிய கம்பளிகளை இன்றைக்கு வாசலில் விரித்து, அவற்றின் மேலேயே காலை நீட்டிப் படுத்துவிட வேண்டும். வீரம்மாவின் ஆசை அவ்வளவுதான். மகளிர் தினம் என்று தேயிலைத் தோட்டத்துக்குச் சம்பளத்தோடு லீவு. முள்முருங்கை சிவக்கச் சிவக்கப் பூத்திருக்கிறது. மாசி வெயில், வரிசை வீடுகளான லயத்து வாசலில் சும்மா கிடக்கிறது. ஆனால் பூண்டுலோயாப் பக்கத்து வெயிலை நம்ப முடியாது. மத்தியானம் திரும்பினால் மூட்டம் வந்து மூடிவிடும்.

பெண்களைப் பெருமைப்படுத்துகிறவர்கள் அவர்களைக் கேட்டா செய்வார்கள்? காலையிலேயே லொறி வந்து நின்றது. மகளிர் தினக் கூட்டத்துக்கு வராதவர்களுக்கு அன்றைய பேர் கிடையாது, சம்பளமும் கிடையாது என்றார் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா. உள்ளதில் நல்ல சேலையைச் சுற்றிக்கொண்டு வீரம்மாவும் ஏறினாள்.

கலாசார மண்டபத்தில் மேடை முழுக்க ஆண்கள். மைக்கைப் பிடித்த தொழிற்சங்கத் தலைவர் அதை விடுவதாக இல்லை. உலகத்து ராணிகளையெல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடைசியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார். அந்தக் காலத்தில் ஆண்கள் மத்தியானமே வேலை முடித்து வீட்டுக்குப் போக, பெண்கள் மட்டும் இருட்டும்வரை கொழுந்து பறித்தார்களாம். 'எங்களையும் வீட்டுக்கு அனுப்பு' என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் குதிரையை மறித்து நின்றவள் வீரம்மா என்றொருத்தி. அவள் நினைவாகத்தான் நம்முடைய வீரம்மாவுக்கும் அந்தப் பெயர். இவளோ மூன்றாம் வரிசையில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கே அந்த வீரம்மா?" என்று தலைவர் முழங்கினார்.

"இந்தா இருக்கேங்க!"

தினமும் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். தூக்கத்திலேயே எழுந்து நின்றுவிட்டாள். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

தலைவர் சமாளித்தார். "பாத்தீங்களா, வீரம்மா இன்னும் இருக்காங்க! சொல்லுங்கம்மா, ஒங்களுக்கு என்ன வேணும்?"

'ஒண்ணும் வேணாங்க' என்றுதான் சொல்லப் போனாள். உடம்பு விடவில்லை.

"வீட்டுக்குப் போகணுங்க. வெயில் போயிரும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாக்கண்ணு, "நானும் போறேங்க" என்று எழுந்தாள். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். "சாப்பாடு இருக்கு, ஒக்காருங்க" என்று தலைவர் சொல்வதற்குள் மண்டபம் பாதி காலி.

லயத்தில் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சமிருந்தது. கம்பளியை விரித்து முதுகைச் சாய்த்தாள். எலும்புக்குள் சூடு இறங்கியபோது அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை வருசத்தில் ஒரு தடவையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்றிருந்தது.

முகத்தில் நிழல் விழுந்தது. புருசன் சின்னத்தம்பி. "ஏ புள்ள, அடுப்பு பத்த வைக்கலியா? தேத்தண்ணி எங்க?"

வீரம்மா கண்ணைத் திறக்கவில்லை.

"அம்புட்டுப் பெரிய தலைவர்கிட்டயே கேட்டுட்டேங்க. ஒங்ககிட்ட கேக்க மாட்டேனா? இன்னைக்கு நீங்க ஊத்துங்க. எனக்கும் சேத்து."

அவன் ஊற்றினானா இல்லையா என்று பார்க்க அவளுக்குத் தெம்பில்லை. தூங்கிவிட்டாள்.