ஏழாவது வீட்டு மொட்டைமாடி

கடல் எங்கே, மதுரை எங்கே! ஆனாலும் அந்தக் காலனிக்காரர்களைக் கேட்டால் கடற்கரையில் குடியிருப்பதாகத்தான் சொல்வார்கள். அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு கண்மாய், அதன் கரையை ஒட்டி இருபத்தைந்து வீடு. கண்மாய் நிறைந்து கிடக்கும் மாதங்களில் காற்றுக்குத் தண்ணீர் கரையில் சளப் சளப்பென்று மோதும். அது போதாதா? கரைக்கு 'பீச்' என்று பேர் வைத்துவிட்டார்கள். கோடையில் அங்கே பொட்டுத் தண்ணீர் இருக்காது. வெடித்த களிமண்ணும் கருவேலமும்தான் மிச்சம். அப்படியும் சாயங்காலமானால் ஜமுக்காளத்தைத் தூக்கிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் 'பீச்சு'க்குக் கிளம்பிவிடுவார்கள். ரிங் பால் என்ன, மியூசிக்கல் சேர் என்ன, சுண்டல் என்ன! பள்ளிக்கூடம் லீவு விட்டுவிட்டால் அந்தக் காலனியைக் கையில் பிடிக்க முடியாது.

முருகம்மாள் அங்கே குடிவந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. புருஷன் கண்ணுச்சாமி தாலுகா ஆபீசில் கிளார்க். இரண்டு பேருக்கும் கொட்டாம்பட்டிப் பக்கம். இரண்டு பேரையும் பெற்றவர்கள் அடுத்தவன் காட்டில் களை எடுத்து, கதிர் அறுத்து, கூலி வாங்கியவர்கள். இதைக் காலனியில் ஒருவரும் வாய்விட்டு விசாரித்ததில்லை. விசாரிப்பானேன், எல்லோருக்கும்தான் தெரியுமே. பார்த்தால் சிரிப்பார்கள், சௌக்கியம் கேட்பார்கள். அதோடு சரி.

அங்கே ஒரு வழக்கம். கத்திரி வெயில் ஏறியதும் ஆறு வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி வருஷத்துக்கான கூழ்வத்தல் போடுவார்கள். ஒரு வீட்டில் அரிசி மாவு, ஒரு வீட்டில் ஜவ்வரிசி, ஒரு வீட்டில் மிளகாய் என்று போட்டு, ஜகதாம்பாள் மாமி வீட்டு மொட்டைமாடியில் விடிவதற்கு முன்னால் கூழ் காய்ச்சி, பழைய வேட்டிகளில் கரண்டியால் ஊற்றி, மூன்று நாள் காயவைத்து, ஆறு பங்காகப் பிரித்துக்கொள்வார்கள். மூன்று நாளும் அந்த மாடியில் பேச்சும் கும்மாளமும்தான். முருகம்மாள் தன் மாடியில் துணி காயப்போடுகிற சாக்கில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வத்தலா பெரிது? அவள் போடாத வத்தலா? 'நீயும் வாடி' என்று ஒருத்தி, ஒரே ஒருத்தி, கூப்பிட வேண்டும். மூன்று வருஷமாக அந்த ஏக்கம் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

எண்பத்தொன்றாம் வருஷம் கூப்பிட்டார்கள்.

ஜகதாம்பாள் மாமி வீட்டில் மேல்கட்டு எழுப்ப மாடி முழுக்கச் செங்கல் அடுக்கியிருந்தது. மாமி ரிட்டயரான வாத்தியாரின் மனைவி. காலனியில் அவள் வைத்ததுதான் சட்டம். ஒருநாள் காலையில் அவளே முருகம்மாள் வீட்டு கேட்டுக்கு வந்து நின்றாள்.

"முருகம்மா, உன் வீட்டு மாடியிலே நாள் பூரா வெயில் நிக்கறதே, இந்த வருஷம் வத்தலை அங்கே போட்டுக்கலாமா? படிக்கட்டு வெளியிலேதானே இருக்கு. உனக்கு ஒரு தொந்தரவும் வராது."

"இதென்ன மாமி கேட்டுக்கிட்டு! உங்க வீடா நெனச்சுக்கிட்டு வாங்க!"

அன்றைக்கு முருகம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாயங்காலம் கண்ணுச்சாமி வந்ததும் வராததுமாகச் சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டான்.

"உன்னையவா கூப்பிட்டாக? மாடியத்தான கூப்பிட்டாக?"

"ஆமா, உங்களுக்கு எதச் சொன்னாலும் குத்தந்தான்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறிவிட்டாள். ஏழு குடம் தண்ணீர் சுமந்து ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து, அந்தத் தரையைச் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்கிற அளவுக்கு ஆக்கினாள்.

சனிக்கிழமை விடியக்காலம் ஆறு பேரும் வந்தார்கள். அடுப்பு, விறகு, அண்டா எல்லாம் கொண்டுவந்தார்கள். தண்ணீரும் கொண்டுவந்தார்கள். கீழே அவள் வீட்டு அடிகுழாயில் தண்ணீர் கொட்டுகிறது, ஆனாலும் நான்கு வீடு தள்ளியிருந்து பித்தளைக் குடத்தில் சுமந்து வந்தார்கள். "உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்" என்றாள் ஒருத்தி. முருகம்மாள் காப்பி போட்டுக்கொண்டு ஏறினாள். "இப்பத்தான் குடிச்சேன்" என்று ஒருத்தி, "வெறும் வயித்துல ஆகாது" என்று ஒருத்தி. எதிர்வீட்டு ஸ்யாமளா மட்டும் எடுத்துக் குடித்தாள். முருகம்மாள் வயதுதான் அவளுக்கு. பாங்கு உத்தியோகஸ்தன் பெண்டாட்டி, கலகலவென்று பேசுவாள். "என்ன டிகாஷன் முருகம்மா! எங்க மாமியாருக்கு நீ வந்து சொல்லிக் குடேன்" என்றாள். அந்த ஒரு டம்ளர் காப்பியில் முருகம்மாளுக்கு மற்ற ஐந்து டம்ளரும் மறந்து போயிற்று. பைத்தியக்காரி.

அவளும் கூழ் காய்ச்சியிருந்தாள். கம்பு மாவுக் கூழ், அவர்கள் ஊர்ப் பழக்கம். காய்ந்தால் பழுப்பாக இருக்கும், பொரித்தால் மணம் ஊரைக் கூட்டும். மாமி பார்த்துவிட்டு, "அதைத் தனியா அந்தச் சுவர் ஓரமா போட்டுக்கோம்மா, கலர் ஒட்டிக்கப் போறது" என்றாள். சரிதானே, வெள்ளை வத்தலில் பழுப்பு ஒட்டினால் நன்றாகவா இருக்கும் என்று முருகம்மாளே தனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் கோடைக்குக் காலனியில் பஸ் பிடித்துத் திருச்செந்தூர் போவதாக ஏற்பாடு. கண்மாய்க் கரையைப் பீச் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நிஜக் கடலையே பார்த்துவிட்டு வரலாம் என்று. முருகம்மாளும் சீட்டுச் சொல்லி வைத்திருந்தாள். முப்பத்திரண்டு வயசுக்கு அவள் கடலைக் கண்டதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மாமி பொதுவில் கேட்டாள்: "நாளைக்கு வத்தலுக்கு யாராவது காவல் இருக்கணுமே?"

எல்லோரும் முருகம்மாளைப் பார்த்தார்கள்.

"நான் இருக்கேன் மாமி. கடல் எங்க ஓடிப்போகுது!"

"உன்னைப்போல உண்டா!" என்று ஸ்யாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கண்ணுச்சாமி பங்காளி வீட்டுக் காதுகுத்துக்கு ஊருக்குப் போயிருந்தான். முருகம்மாள் ஒருத்தியாகக் கறுப்புக் குடையும் கம்புமாக மாடியில் உட்கார்ந்து, உச்சி வெயிலில் காக்காய் விரட்டினாள். மூன்று மணிக்கு அழகர்மலைப் பக்கம் கருத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சூறைக்காற்று, புழுதி, கொட்டை கொட்டையாகத் துளி. கோடைமழை சொல்லிக்கொண்டா வரும்!

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். பத்து வேட்டியையும் அப்படி அப்படியே சுருட்டி அள்ளிக்கொண்டு, படிக்கட்டில் வழுக்கி முழங்கால் தோல் பெயர்ந்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி, அத்தனையையும் வீட்டுக்குள் கொண்டுவந்தாள். கட்டில், கூடம், சமையல்கட்டு, எங்கும் தன் புடவைகளை விரித்து, ஒவ்வொரு வத்தலாக உரித்துப் பரப்பினாள். திருச்செந்தூருக்கென்று எடுத்து வைத்திருந்த சுங்குடிப் புடவையைக்கூட விரித்துவிட்டாள். இருந்த ஒரே மேஜை ஃபேனை எல்லா அறைக்கும் மாற்றி மாற்றித் தூக்கினாள். அவசரத்தில் அவளுடைய கம்பு வத்தலும் கலந்துபோயிற்று. பொறுக்கிப் பொறுக்கி எடுத்தாள். ஒன்றிரண்டு தப்பியிருக்கும். ஒரு வத்தல் கெடவில்லை.

திங்கட்கிழமை காலையில் ஆறு பேரும் பதறியடித்து வந்தார்கள். கூடத்தில் பரப்பி வைத்திருந்ததை வாசற்படியில் நின்றபடியே பார்த்தார்கள். மாமி முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

"உள்ளேயா கொண்டுவந்துட்டே?"

"பின்ன, நனைய விட்டுருவேனா மாமி!" என்றாள் முருகம்மாள் சிரித்துக்கொண்டு.

நனைய விட்டிருக்கலாம். மழையில் கரைந்து போயிருந்தால்கூட மன்னித்திருப்பார்கள். அது அவளுக்கு அப்போது தெரியவில்லை. அவளே மாடியில் இன்னொரு நாள் காயவைத்து, ஆறு பங்கு பிரித்து, ஆறு மஞ்சப்பையில் கட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எல்லோரும் சிரித்த முகமாக வாங்கிக்கொண்டார்கள். ஸ்யாமளா திருச்செந்தூரிலிருந்து கொண்டுவந்த நாலு சிப்பியை அவள் கையில் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து, "பொரிச்சுப் பார்த்தேன் முருகம்மா, என்னமாப் பொரியறது! வாயிலே வைக்கவே கரையறது" என்று எதிர் மாடியிலிருந்து கத்திச் சொன்னாள். மாமிகூட, "இந்த வருஷம் வத்தல் அமைஞ்சு போச்சு" என்றாளாம். முருகம்மாளுக்கு வாயெல்லாம் பல். "மாடியத்தான கூப்பிட்டாகன்னீங்களே, பாத்தீகளா?" என்று புருஷனை இடித்துக் காட்டினாள். அவன் சிப்பிகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் பாண்டியம்மாள் வந்தாள். பக்கத்து ஊர்க்காரி, எருமைக்காகக் காலனியில் வீடு வீடாகக் கழனித்தண்ணி எடுப்பவள். அன்றைக்கு இடுப்பில் குடமும் தலையில் ஒரு சாக்குமாக வந்து கொல்லைப்பக்கம் இறக்கினாள்.

"தாயி, ஒரு ரெண்டு படி வத்தல் எடுத்துக்கிறியா? எங்க வீட்டுல வைக்க எடமில்ல. ஆறு வீட்டுலயும் குடுத்துட்டாக. எருமை எம்புட்டுத்தான் திங்கும்? இம்புட்டு நல்ல வத்தல, ஒரு பைகூட அவுக்கல, போட்டது போட்டபடி இருக்கு."

முருகம்மாள் சாக்குக்குள் கையை விட்டாள். ஆறு மஞ்சப்பை. அவள் போட்ட முடிச்சு. ஒன்றை அவிழ்த்தாள். வெள்ளை வத்தலுக்கு நடுவில் பழுப்பாக ஒன்று.

"இது யாரு வீட்டுது?"

"இதா? எதிர்வீட்டு ஸ்யாமளாம்மா. அவுகதான் மொதல்ல கூப்பிட்டுக் குடுத்தாக. நீ குடுத்த அன்னிக்கே."

அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. வாயிலே வைக்கக் கரையுதாமே! அடிப்பாவி, மற்றவர்களாவது வாயைத் திறக்காமல் கொடுத்தார்கள். நீ எதுக்கடி பொரிச்சேன்னு சொன்னே?

"அம்புட்டையும் வச்சுட்டுப் போ, பாண்டியம்மா" என்றாள்.

அன்று சாயங்காலம் பீச்சில் கோடைக்கடைசி விருந்து. லீவு முடியப் போகிறதென்று வீட்டுக்கு ஒரு பலகாரமாகக் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். "நீ ஏற்கனவே ரொம்பக் கஷ்டப்பட்டுட்டே, சும்மா வந்தாப் போதும்" என்று முருகம்மாளுக்கு முன்னமே சொல்லியாகிவிட்டது. அவள் சும்மா போகவில்லை. மூன்று மணி நேரம் அடுப்படியில் வெந்து, கண்ணுச்சாமி வேண்டாம் வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல், நெல் அள்ளுகிற பெரிய கூடை நிறைய வத்தல் பொரித்துத் தலையில் சுமந்து வந்தாள். ஜமுக்காளத்துக்கு நடுவில் இறக்கினாள். பிள்ளைகள் ஓடிவந்து அள்ளி நொறுக்க ஆரம்பித்தன.

"எல்லாரும் எடுத்துக்கங்க. உங்க வத்தல்தான் மாமி. பாண்டியம்மா கொண்டாந்து குடுத்துச்சு."

ரிங் பால் நின்றது. பேச்சு நின்றது. பிள்ளைகள் கடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தாய் எழுந்து மகனை இழுத்தாள், "இருமல் வரும்டா". இன்னொருத்தி மகள் கையிலிருந்ததைத் தட்டிவிட்டாள். மாமி கண்மாய்ப் பக்கம் திரும்பி, அங்கே ஏதோ தண்ணீர் அலையடிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து போயிற்று. அழுதுகொண்டுதான் போயின.

முருகம்மாள் கூடையிலிருந்து ஒன்றைப் பொறுக்கி எடுத்தாள். பழுப்பு வத்தல். ஸ்யாமளாவிடம் நீட்டினாள். அவள் வாங்கினாள். வாங்காமல் என்ன செய்வாள், அத்தனை பேர் பார்க்கிறார்கள். வாய்வரைக்கும் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. கண்ணில் தண்ணீர் கட்டியது. அதற்கு மேல் கை போகவில்லை.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடறேனே, முருகம்மா" என்றாள் மெதுவாக.

"எதுக்கு அம்புட்டு தூரம் சுமக்குற? போற வழியில எருமைக்குப் போட்டுட்டுப் போ" என்றாள் முருகம்மாள்.

கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு தனியாகக் கரை இறங்கி நடந்தாள். பாதி வழியில் மடியைத் தடவி, முடிந்து வைத்திருந்த நாலு சிப்பியையும் எடுத்துக் காய்ந்த கண்மாய்க்குள் எறிந்தாள்.