மேலட்டையில் பென்சில் கிறுக்கல்

பழைய காமிக்ஸ் புத்தகம் விற்கிறவர்களிடம் ஒரு விசித்திரமான நேர்மை உண்டு. கார் விற்கிறவன் பளபளப்பைக் காட்டுவான், வீடு விற்கிறவன் சமையலறையைக் காட்டுவான். இவர்களோ முதல் வேலையாக ஓட்டை உடைசலைத்தான் காட்டுவார்கள். முதுகில் மடிப்பு இருக்கிறதா, அதற்கு ஒரு படம். நடுவில் அடித்த பின் துருப்பிடித்திருக்கிறதா, அதைக் கிட்டத்தில் வைத்து இன்னொரு படம். வாங்கியவன் நாளைக்குச் சண்டைக்கு வரக்கூடாதல்லவா? அந்த நேர்மையின் புண்ணியத்தில்தான், மார்லீன் ஸ்டால் என்பவளுக்குத் தன் மகனின் கையெழுத்து பதினாறு வருடம் கழித்துக் கண்ணில் பட்டது.

பள்ளிக்கூட உணவறையில் வேலை முடிந்து வந்தவள், ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறை மேசையில் போனோடு உட்கார்ந்திருந்தாள். 'இரும்பு ஆந்தை', நாற்பத்தொன்றாம் இதழ். ஒஹாயோவில் மட்டுமல்ல, நாடு முழுக்க எவன் அந்த இதழை விற்றாலும் அவள் அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்துவிடுவாள். பார்த்துப் பார்த்து ஏமாந்து, அதுவே பழக்கமாகிவிட்டிருந்தது. அன்றைக்கு ஏமாறவில்லை. படத்துக்குக் கீழே குறைகளை வரிசையாக எழுதியிருந்தார்கள். முதுகில் லேசான மடிப்பு, பின்னட்டை மூலை மழுங்கல், மேலட்டையில் பென்சில் கிறுக்கல். கிறுக்கல் நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கைச் சாய்த்து வைத்து எடுத்திருந்தார்கள். அழுத்தி எழுதிய பள்ளம்கூடத் தெரிந்தது.

"இது கோரியோடது. யாரும் தொடாதீங்க. அப்பா, நீயும்தான்."

கோரிக்கு அப்போது ஒன்பது வயது. அவன் அப்பா வெர்ன் இந்தப் புத்தகத்தைக் கழிவறைக்குள் எடுத்துக்கொண்டு போய் அரை மணி நேரம் வெளியே வரமாட்டான். பையனுக்கு வந்ததே கோபம்! நாக்கைத் துருத்திக்கொண்டு, பென்சில் முனை உடைகிற மாதிரி எழுதி, அப்பா கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து வைத்தான். வெர்ன் விழுந்து விழுந்து சிரித்தான். அதற்கப்புறமும் எடுத்துக்கொண்டுதான் போனான்.

பதினெட்டு வயதில், ஆலங்கட்டியும் மழையுமாகக் கொட்டிய ஒரு சாயங்காலம், நெடுஞ்சாலையில் கோரியின் கார் சறுக்கியது. அவ்வளவுதான். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல யாருக்கும் தெம்பில்லை. பையனின் அறையைக் கடந்துபோக வெர்னால் முடியவில்லை. மார்லீன் தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, காமிக்ஸ் பெட்டி மூன்றையும் பழைய சாமான் சந்தைக்காரன் ஒருவனிடம் விற்றுவிட்டான். திரும்பி வந்தவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "ஒண்ணுகூடவா எடுத்து வெக்கல?" அன்றையிலிருந்து அவர்கள் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினார்கள், பனி தள்ளுவதைப் பற்றிப் பேசினார்கள், நாயின் மூட்டு வலியைப் பற்றிக்கூடப் பேசினார்கள். கோரியைப் பற்றி மட்டும் பேசவில்லை.

அவனுடைய பள்ளி நோட்டுகள் வீட்டில் இருந்தன. அவற்றில் கணக்கு இருந்தது, மாநிலங்களின் தலைநகரங்கள் இருந்தன, டீச்சருக்காக எழுதிய கட்டுரைகள் இருந்தன. கோரி இல்லை. இந்த ஒரு வரியில்தான் அவன் வாயைத் திறந்து பேசினான்.

மறுநாள் மதிய இடைவேளையில் கடைக்குப் போன் செய்தாள். மேன்ஸ்ஃபீல்டில் கடை, வண்டியில் போனால் முக்கால் மணி நேரம்.

"ஹாப்னர் காமிக்ஸ், லைல் பேசறேன்."

"அந்த இரும்பு ஆந்தை நாப்பத்தொண்ணு இன்னும் இருக்குங்களா?"

"இருக்கும்மா. ஆந்தையோட பெரிய வில்லன் மொதத் தடவையா வர்றது இதுலதான். சினிமா வரப்போகுதுன்னு பேச்சு வேற. அதான் நானூத்தி இருபது."

நானூற்று இருபது டாலர் மார்லீனிடம் ஏது? அவளுக்குத் தெரிந்த வியாபாரமெல்லாம் அடுத்த வீட்டு முற்றத்தில் பழைய சாமானைப் பரப்பி விற்கிறார்களே, அதுதான். அங்கே முதல் பாடம், ஆசையை முகத்தில் காட்டாதே. பிடித்த சாமானைப் பிடிக்காத மாதிரி புரட்டிப் பார்த்து, விரிசலைச் சுட்டிக்காட்டி, வேண்டாவெறுப்பாகக் கேட்க வேண்டும். அப்படித்தான் கேட்டாள்.

"நானூத்தி இருபதா? மேலட்டைல எவனோ கிறுக்கி வெச்சிருக்கானே, பார்த்தீங்களா இல்லியா?"

லைல் சிரித்தார். "பார்க்காம என்ன! எங்க வீட்டம்மா ஜோனிதான் படம் எடுத்தா. எடுக்கும்போதே சிரிப்பு தாங்கல அவளுக்கு. பாவம், அந்த அப்பன் என்ன பாடு பட்டானோ!"

மார்லீனும் சிரித்தாள். சிரித்த கையோடு சொன்னாள்: "உங்களுக்குச் சிரிப்பா இருக்கு. காசு குடுக்கிறவளுக்குப் பார்க்க அசிங்கமால்ல இருக்கு? அது மட்டும் இல்லேன்னா யோசிக்காம வாங்கிக்குவேன்."

"நியாயம்தான்மா," என்று லைல் இறங்கி வந்தார். விலையைக் குறைத்தார். மீதியை ஆறு மாதத் தவணையாகக் கட்டலாம், கட்டி முடிக்கும்வரை புத்தகம் கடையிலேயே இருக்கும் என்று பேச்சு முடிந்தது. "தப்பா நினைக்காதீங்க. மொத்தச் சரக்கையும் லோன் போட்டுத்தான் வாங்கினேன். பேங்க்காரன் என் தோள்மேல ஏறி உக்காந்திருக்கான்."

போனை வைத்தபோது மார்லீனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. முழு விலைக்கு ஏமாறவில்லை பார்! ஒரு வார்த்தை, 'அது என் பையன் எழுதினதுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் விலையை ஏற்றிவிடுவானோ என்று பயந்தாள். காசைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கிறவர்களுக்கு வருகிற பயம்தான் அது. வேறென்ன சொல்ல?

அன்று சாப்பாட்டின்போது போனை வெர்னின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். மறுபடி துடைத்தான்.

"'நீயும்தான்'னு எழுதியிருக்கான்," என்றான்.

"ஆமா."

"எனக்கு அது மறந்தே போச்சு, மார்லீன். எப்படி மறந்தேன்?"

எழுந்து வண்டிக் கொட்டகைக்குப் போனவன் வெகுநேரம் வரவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியிலேயே பக்கத்துத் தெருக்காரர்களின் பாதையில் பனி தள்ளிக் கிடைத்த காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "ஒரு தவணை என்னோடதா இருக்கட்டும்" என்றான். அதற்குப் பிறகு ஒன்றல்ல, இரண்டு மூன்று தவணை அவனுடையதாகவே போனது. பேச்சும் வந்தது. கோரி கொதிக்கிற சூப்பில் ஐஸ்கட்டி போட்டுக் குடித்ததை ஒரு நாள் வெர்ன் சொன்னான். பையன் நாய்க்கு முடிவெட்டிவிட்ட லட்சணத்தை இன்னொரு நாள் மார்லீன் சொன்னாள். பதினாறு வருடம் பூட்டியே கிடந்த பேச்சு. சிரித்துவிட்டு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தட்டுகளை எடுத்து வைப்பார்கள்.

படம் போனில் இருக்கத்தான் இருந்தது. விரலால் விரித்தால் எழுத்து பெரிதாகும், இன்னும் விரித்தால் வெறும் புள்ளிகளாகிவிடும். அவளுக்கு வேண்டியது படமில்லை. அவன் கை அழுத்திய அந்தப் பள்ளத்தில் ஒரு தடவை விரலை வைக்க வேண்டும். வெர்னின் விரலையும் பிடித்து வைக்க வேண்டும். அதற்காகத்தான் அவள் கோட்டு வாங்குவதைக்கூட அடுத்த குளிருக்குத் தள்ளிப்போட்டாள்.

நான்காம் தவணை கட்டிய சமயம் லைலே போன் செய்தார். கொலம்பஸிலிருந்து ஒரு ஆள் வந்து, முழுப் பணத்துக்கும் மேலே கொடுத்து அந்த இதழைக் கேட்டானாம். "முடியாதுன்னுட்டேன்மா. குடுத்த வாக்கு வாக்குதான். நீங்க நிம்மதியா இருங்க." அப்போதாவது சொல்லிவிடலாம் என்று மார்லீன் வாயெடுத்தாள். இவ்வளவு நல்ல மனுஷனிடம், பொய்யாக மட்டம் தட்டித்தான் விலையைக் குறைத்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? நன்றி மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

கடைசித் தவணை கட்டிய சனிக்கிழமை இருவரும் பிக்கப் வண்டியில் போனார்கள். துணி துவைக்கும் கடைக்கும் டயர் கடைக்கும் நடுவில் இருந்தது ஹாப்னர் காமிக்ஸ். வெர்ன் சவரம் செய்துகொண்டு, தேவாலயத்துக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தான். ஆனால் வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நீ போய் வாங்கிட்டு வா. வித்தவனே வந்து நின்னா நல்லாருக்காது."

"அவங்களுக்கு என்ன தெரியும், வா."

"எனக்குத் தெரியுமில்ல," என்றான்.

உள்ளே லைல் கல்லாவை விட்டு எழுந்து வந்து கையைக் குலுக்கினார். ஆள் பெரிய உருவம். சிரித்தால் குழந்தை. ஜோனி, விளக்குகளும் கேமராவும் இருந்த மேசையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்கதானா மார்லீன்? உங்க பேச்சுதான் வீட்டுல எந்நேரமும். இவரு ஒரு பத்து நாளா பள்ளிக்கூடப் பையன் மாதிரி குதிச்சுக்கிட்டு இருக்காரு."

"சும்மா இருடி," என்றார் லைல். பிறகு மார்லீனைப் பார்த்து, "தவணைக்குக் கேக்கறவங்க பாதிப் பேரு ரெண்டாம் மாசமே காணாமப் போயிருவாங்கம்மா. நீங்க ஒரு நாள் தள்ளல. அதான் உங்களுக்கு ஏதாவது செய்யணும்னு தோணிச்சு," என்று சொல்லி, முதுகுக்குப் பின்னால் வைத்திருந்ததை எடுத்து நீட்டினார்.

பிளாஸ்டிக் உறைக்குள் இரும்பு ஆந்தை பறந்துகொண்டிருந்தது. நீல வானம், மஞ்சள் எழுத்து. அதற்குக் கீழே வெள்ளை இடம். வெள்ளையாகவே இருந்தது.

"பென்சில்தானே? சுத்தமா எடுத்தாச்சு!" என்றார் லைல். "உங்களுக்கு அது பிடிக்கலேன்னு மொத நாளே சொன்னீங்களே, நான் மறக்கல. அழுத்தி எழுதின தடம் இருந்துச்சு பாருங்க, அதைக்கூட, பழைய புத்தகம் சரிபண்ற ஆள்கிட்ட குடுத்து, ஈரமும் சூடும் வெச்சு நிமிர்த்தச் சொல்லிட்டேன். எல்லாம் என் செலவு."

ஜோனி கணினித் திரையைத் திருப்பினாள். முன்பு எடுத்த படம் ஒரு பக்கம், இப்போது எடுத்த படம் மறுபக்கம். "எப்படி இருந்தது எப்படி ஆயிருச்சு பாருங்க!"

மார்லீன் இரண்டையும் பார்த்தாள். "இதை வெளில எடுக்கலாமா?" என்று கேட்டாள். அவளுக்கே கேட்காத குரல்.

ஜோனி பதமாக உருவிக் கொடுத்தாள். மார்லீன் அந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்து இழுத்தாள். வழவழப்பாக இருந்தது. இன்னொரு தடவை இழுத்தாள். எங்காவது ஓரத்தில் ஒரு எழுத்தின் வால் மிஞ்சியிருக்காதா? இல்லை. நன்றாகத்தான் செய்திருந்தார்கள்.

"இப்ப வித்தாக்கூட அறுநூறு போகும்," என்றார் லைல்.

அவர்கள் இருவரும் முகம் மலர்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அயோக்கியர்களாக இருந்திருந்தால் கத்தியிருப்பாள். மேசையைத் தட்டி நியாயம் கேட்டிருப்பாள். அதிக விலைக்கு வந்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு, கடன்காரன் கழுத்தைப் பிடிக்கும்போது கைக்காசைச் செலவழித்தவர்களிடம் என்ன கேட்பது?

"ரொம்ப அழகா இருக்கு," என்றாள். "ரொம்ப நன்றிங்க." ஜோனி அவளைக் கட்டிப்பிடித்தாள். மார்லீனின் கண்ணில் தண்ணீரைப் பார்த்துவிட்டு, "அட, இவங்களைப் பாரேன்!" என்று தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வண்டியில் வெர்ன் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தான். அவள் கொடுத்தாள். அவன் மேலட்டையைப் பார்த்தான், பின்னட்டையைத் திருப்பினான், மறுபடி மேலட்டைக்கு வந்தான்.

"இது நம்மளது இல்ல. வேற எதையோ தலைல கட்டிட்டாங்க. இரு, நான் போய்க் கேக்கறேன்." கதவைத் திறந்தேவிட்டான்.

"உக்காரு, வெர்ன்."

"என்ன உக்காரு? ஆறு மாசமா காசு வாங்கிட்டு…"

"அதேதான் இது. அழிச்சுக் குடுத்திருக்காங்க."

"எதுக்கு?"

"நான் சொன்னேன். எவனோ கிறுக்கி வெச்சிருக்கான், அசிங்கமா இருக்குன்னு சொன்னேன். விலையைக் குறைக்கணும்னு சொன்னேன். அவங்க எனக்கு நல்லது பண்ணியிருக்காங்க."

வெர்ன் கதவைச் சாத்தினான். அவன் கத்துவான் என்று மார்லீன் காத்திருந்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் போலிருந்தது. இத்தனை வருடம் அவன்மேல் இருந்த கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலையில் எழுந்தாள், வேலைக்குப் போனாள், திரும்பி வந்தாள். இப்போது பிடித்துக்கொள்ள அதுவும் இல்லை. துவைக்கும் கடையிலிருந்து ஒரு பெண் துணிக்கூடையோடு வெளியே வந்து, அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

"எவ்வளவு குறைச்சாங்க?" என்று கேட்டான் வெர்ன்.

"நாப்பது டாலர்."

அவன் புத்தகத்தை மெதுவாக உறைக்குள் போட்டான். மூலை மடங்கிவிடாமல் பார்த்துப் போட்டான்.

"நான் மூணு பெட்டியையும் எழுபதுக்குக் குடுத்தேன்," என்றான்.

அதை அவன் அதுவரை சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.