சிவப்பு டப்பாவும் இடது காதும்

நீல வெல்வெட் பெட்டியைத் திறந்து பார்த்த பஞ்சவர்ணம், "அழகா கீதுடி" என்று சொல்லிவிட்டு உடனே மூடிவிட்டாள். அடுப்பில் வஞ்சிரம் கருகுகிறது என்று எழுந்து சமையலறைக்குள் போனாள். அடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. வறுத்த மீன் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

ஸ்வாதிக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி. கடைக்காரர் நாலு தட்டு எடுத்துப் போட்டும் மனது ஒப்பாமல், ஐந்தாவது தட்டில் பிடித்து எடுத்தது. அதைத் தொங்கவிட அம்மாவுக்குக் காது வேண்டும் என்பது மட்டும் ஞாபகம் வரவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிப்போன காது. அதில் ஒரு குறை இருப்பதே கண்ணில் படாமல் போயிருந்தது.

இடது காது மடல் இரண்டாகப் பிளந்திருந்தது. ஸ்வாதி ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது, பஸ்ஸில் அம்மாவின் தொங்கட்டானைப் பிடித்து இழுத்ததில் வந்த வினை. வலது காதில் ஓட்டை இழுபட்டு, நீளமாக ஒரு கீறல் போல இறங்கியிருந்தது. அன்றிலிருந்து பஞ்சவர்ணத்துக்குத் தோடு என்றால் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டுதான். வியர்த்தால் விழும். ஒருமுறை அவள் வேலை பார்க்கும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனியில் அது வண்டி எஞ்சினுக்குப் போடும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களோடு அட்டைப்பெட்டிக்குள் விழுந்து, ஸ்ரீபெரும்புதூர் வரை போய்விட்டது. சரக்கில் பொட்டு கிடந்ததாக வாங்கிய கம்பெனியிலிருந்து புகார் வந்தது. புகாரை விசாரித்தவளும் பஞ்சவர்ணமேதான். கடைசிக்கட்டச் சோதனைப் பிரிவுக்கு அவள்தான் மூத்தவள். காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, புதிதாக ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

"நான்தானே கிழிச்சேன், நானே தைச்சுத் தரேன்" என்றாள் ஸ்வாதி.

மாநகரப் பேருந்தில் கண்டக்டராக இருக்கும் அவள் அப்பா கலியமூர்த்தி, மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கியபடி, இந்த வயதில் காதைத் தைத்து எந்த மேடையில் ஏறப்போகிறாள் என்று கேட்டார். பஞ்சவர்ணம் இரண்டாவது துண்டு மீனை அவர் தட்டில் போடாமல் மகள் தட்டில் போட்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்து, டாக்டர் தேடும் படலம் ஆரம்பித்தது.

இங்கே பஞ்சவர்ணத்தின் தொழில் பழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சோதனை மேசையில் அவளுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் டப்பாக்கள். தேறியது பச்சையில் விழும். தேறாதது சிவப்பில் விழும். வெளியே புதிதாக ஒரு பட்டறைக்கு வேலை கொடுப்பதற்கு முன் முதலாளி அவளையும் கூட்டிக்கொண்டு போவார். அங்கே கண்ணாடி அலமாரியில் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பதை அவள் திரும்பியும் பார்க்கமாட்டாள். நேராகச் சிவப்பு டப்பாவிடம் போவாள். அது காலியாக இருந்தால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவாள். திரும்பும் வழியில், "இந்த எடம் வாணாம் சார்" என்பாள். தப்பே செய்யாத பட்டறை உலகத்தில் கிடையாது, தப்பை எங்கே வைக்கிறான் என்று தெரிந்தால்தான் ஆளைத் தெரியும் என்பது அவள் கட்சி.

டாக்டர் விஷயத்திலும் அதே வழிதான். படிப்பைப் பார்ப்பது ஸ்வாதியின் பொறுப்பு. பேருக்குப் பின்னால் எத்தனை எழுத்து இருந்தாலும், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். என்ற மேல்படிப்பு படித்திருக்கிறாரா, மருத்துவக் கவுன்சிலில் அந்தப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று அவள் போனிலேயே தேடிவிடுவாள். சிவப்பு டப்பா, அம்மாவின் பொறுப்பு.

முதலில் போனது மெயின் ரோட்டில் இருந்த ஓர் அழகு நிலையம். தையலே கிடையாது, ஒரு சொட்டு மருந்து, காது ஒட்டிக்கொள்ளும் என்று வெளியே எழுதியிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்ட பெண் ஆல்பத்தை விரித்தாள். எல்லாம் ரோஜா இதழ் மாதிரியான காதுகள். பஞ்சவர்ணம் ஆல்பத்தை மெதுவாக மூடி, சரியாக வராதவை எங்கே என்று கேட்டாள். அந்தப் பெண் கொஞ்சமும் தயங்காமல் போனை எடுத்துக் காட்டினாள். கறுத்த காது, வெந்த காது, வீங்கித் தொங்கும் காது. பஞ்சவர்ணத்துக்கு ஒரு கணம் மரியாதையே வந்துவிட்டது. பரவாயில்லையே, ஒளிக்காமல் காட்டுகிறார்களே.

"இதெல்லாம் வேற எடத்துல பண்ணிட்டு எங்ககிட்ட வந்த கேஸ் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

"அது அடுத்தவன் சிவப்பு டப்பாம்மா. உன்னுது எங்க?"

அதற்குள் ஸ்வாதி, சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பெயரைத் தேடிப் பார்த்து முடித்திருந்தாள். அது சனி, ஞாயிறு பயிற்சிக்குக் கொடுத்த சான்றிதழ். அம்மாவின் முழங்கையை லேசாகக் கிள்ளினாள். இருவரும் வெளியே வந்து கரும்புச்சாறு குடித்தார்கள்.

அடுத்தது அண்ணா நகர்ப் பக்கம், பெரிய இடம். படிப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டாக்டரைப் பார்க்க முடியாது, ஆபரேஷன் அன்றைக்குத்தான் பார்க்கலாம் என்றார்கள். அதுவரைக்கும் பேசுவதற்கென்றே ஓர் இளைஞன் இருந்தான். காதைப் பார்த்தவன் அப்படியே மூக்கையும் பார்த்தான், கண்ணுக்குக் கீழே பார்த்தான், தாடையைத் தடவலாமா என்று அனுமதி கேட்டான். பஞ்சவர்ணம் வீடு திரும்பி, தன் முகத்தில் தேறியது நெற்றி மட்டும்தான் என்று புருஷனிடம் சொன்னாள். கலியமூர்த்தி வெகுநேரம் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, மூக்குக்கு என்ன குறை, அந்த மூக்கைப் பார்த்துத்தானே கட்டினேன் என்று முனகிக்கொண்டே எழுந்து போனார். அது பஞ்சவர்ணத்தின் அறுந்த காதிலும் நன்றாகவே விழுந்தது.

மூன்றாவது இடத்தைச் சொன்னவள் ஃபக்ருன்னிசா. பூந்தமல்லியிலிருந்து வந்து, பஞ்சவர்ணத்தின் எதிர் மேசையில் உட்கார்ந்து சீல் சோதிப்பவள். அவள் அக்கா மகனுக்குக் கை வெந்துபோனபோது அறுவை செய்த அம்மாள், டாக்டர் இஃபத். சாயங்காலம் அம்பத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் உட்காருகிறாராம்.

"ஆனா ஒண்ணு பஞ்சு, அந்தம்மா சிரிக்காது" என்று எச்சரித்தாள் ஃபக்ருன்னிசா. "நீ பாட்டுக்குப் போயி சிவப்பு டப்பா, பச்சை டப்பான்னு ஆரம்பிக்காத. பயித்தியம்னு எய்திக் குட்த்துரும்."

ஸ்வாதி தேடிப் பார்த்தாள். பெயர் இருந்தது, எம்.சி.எச். இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை கலியமூர்த்திக்கு ஓய்வு நாள். தன்னை யாரும் கூப்பிடவில்லை என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு அவரும் கூடவே வந்தார்.

டாக்டர் இஃபத் உண்மையிலேயே சிரிக்கவில்லை. இரண்டு காதையும் விரலால் நீவிப் பார்த்தார். மரத்துப்போக ஊசி போட்டுத் தைக்க வேண்டும், அரை மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். தானேதான் தைப்பேன் என்றும் சொன்னார். பஞ்சவர்ணம் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டேவிட்டாள்.

"உங்க கையில சரியா வராம போன காது இருந்தா காட்டுறீங்களா டாக்டர்?"

கலியமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். டிக்கெட் எடுக்காத ஆளை அடுத்த ஸ்டாப்பில் இறக்கிவிடுவது போல இந்த அம்மாள் தங்களை இறக்கிவிடப் போகிறார் என்று நிச்சயமாக நம்பினார். டாக்டரோ கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். முகங்கள் இல்லை, காதுகள் மட்டும். ஒன்றில் மடலின் அடியில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. இன்னொன்றில் தைத்த இடம் சுண்டைக்காய் அளவுக்குத் திரண்டு நின்றது.

"ரெண்டும் நான் தைச்சதுதான்" என்றார் டாக்டர். "இது கீலாய்டு. சில பேருக்குக் காயம் ஆறினாலும் தழும்பு நிக்காம வளந்துகிட்டே போகும். அவங்க உடம்புல அந்த மாதிரி வேற தழும்பு இருக்கான்னு நான் முதல்லயே சரியா கேக்கல. அதுலேர்ந்து எல்லார்கிட்டயும் கேக்குறேன். உங்களுக்கு எங்கயாவது புடைச்ச தழும்பு இருக்காம்மா?"

"இல்ல டாக்டர்" என்றாள் பஞ்சவர்ணம், கேள்வி முடிவதற்குள்.

கலியமூர்த்தி கண்ணைத் திறந்தார்.

"இன்னா பஞ்சு இல்லன்ற. தோள்ல கீதே. சின்ன வயசுல ஊசி போட்ட எடம். எப்பப் பாத்தாலும் சொறிஞ்சிக்கினே கீறியே."

பஞ்சவர்ணத்துக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. ரவிக்கைக் கையை ஒரு விரற்கடை நீளமாகத் தைக்கச் சொல்வது அவளுக்கு எத்தனையோ வருஷப் பழக்கம். அந்தத் தழும்பைச் சொன்னால் இந்த டாக்டரும் முடியாது என்று சொல்லிவிடுவாரோ, நீலப் பெட்டி பீரோவிலேயே கிடந்துவிடுமோ என்ற பயம்தான் அவளை முந்திக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூர் வரை போன பொட்டு ஞாபகத்துக்கு வந்தது. ஊரில் உள்ள சிவப்பு டப்பாக்களையெல்லாம் திறந்து பார்த்தவள், தன்னுடையதை மேசைக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறாள்.

அவள் ரவிக்கையின் கையை மேலே சுருட்டினாள். தோளில் ஒரு புளியங்கொட்டை ஒட்டவைத்தது போல இருந்தது.

டாக்டர் விளக்கை இழுத்து அதைப் பார்த்தார். வேறு காயம் ஏதாவது உண்டா என்று கேட்டார். வேலையில் பிளேடு கிழித்த விரல், பிரசவத்துக்குக் கிழித்த வயிறு என்று பஞ்சவர்ணம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவையெல்லாம் நன்றாக ஆறி, கோடாகத்தான் இருந்தன.

"தோள்ல நிறைய பேருக்கு வளரும். காதுலயும் வளரலாம், வளராமலும் போகலாம்" என்றார் டாக்டர். "உங்களுக்கு எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது."

பஞ்சவர்ணம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் அலைச்சலில் தெரியாது என்ற வார்த்தையை ஒருவர் வாயிலிருந்து கேட்பது இதுதான் முதல் தடவை.

"வேணாம்னு விட்டாலும் தப்பில்ல" என்று டாக்டர் தொடர்ந்தார். "செஞ்சே ஆகணும்னா, ஒரு காதை மட்டும் தைக்கிறேன். சில மாசம் பாப்போம். அது அடங்கி நின்னா புதுசா துளை போடறதைப் பத்தி யோசிக்கலாம், அடுத்த காதையும் தைக்கலாம். வளர ஆரம்பிச்சா ஊசி போட்டு அமுக்கப் பாக்கணும். அப்ப அடுத்த காதைத் தொடமாட்டேன்."

"ஃபர்ஸ்ட் பீஸ்" என்றாள் பஞ்சவர்ணம்.

"என்னது?"

புது அச்சில் முதல் சீல் ஒன்றை மட்டும் அடித்து, அதைச் சோதித்துத் தேறிய பிறகுதான் மெஷினை ஓடவிடுவோம் என்று பஞ்சவர்ணம் விளக்கினாள். சிரிக்காத டாக்டர் சிரித்தார். முன்பல் ஒன்று கொஞ்சம் தெற்றியிருந்தது. அதைச் சரிசெய்துகொள்ளாமல் வைத்திருப்பதே பஞ்சவர்ணத்துக்குப் பிடித்துப்போயிற்று.

எந்தக் காதை முதலில் என்று டாக்டர் கேட்டார். இடது என்றாள் ஸ்வாதி, அம்மாவை முந்திக்கொண்டு. அது அவள் கிழித்தது.

தையல் போட்டு, பிரித்து, மழைக்காலமும் போயிற்று. இடது மடல் ஒன்றுசேர்ந்து, நடுவில் மெல்லிய கோடு மட்டும் ஓடியது. வலது பக்கம் பழைய கீறலும் ஸ்டிக்கர் பொட்டும் அப்படியே. "ஒரு பக்கம் ஏ.சி. பஸ்ஸு, ஒரு பக்கம் ஓட்ட பஸ்ஸு" என்றார் கலியமூர்த்தி. சொன்னாரே தவிர, தினமும் காலையில் காபி டம்ளரோடு வந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, அந்தக் கோட்டைப் பார்க்காமல் டூட்டிக்குப் போனதில்லை. பஞ்சவர்ணம் தலைமுடியை இடது பக்கம் மட்டும் காதுக்குப் பின்னால் ஒதுக்கிச் சீவ ஆரம்பித்தாள். ரயிலில் அந்தக் காது ஆட்கள் பக்கம் இருக்கும்படி இடம் பார்த்து உட்கார்ந்தாள். மேனாம்பேட்டுத் தையல்காரரிடம் ரவிக்கைக் கையை ஒரு விரற்கடை குறைக்கச் சொன்னாள்.

இன்றைக்குச் சாயங்காலம் டாக்டர் வரச்சொல்லியிருந்தார். துளை போடலாமா, அடுத்த காதைத் தைக்கலாமா என்பதை இன்று பார்த்துத்தான் சொல்வார். பஞ்சவர்ணம் நீலப் பெட்டியைக் கைப்பையில் போட்டுக் கம்பெனிக்கு எடுத்து வந்திருந்தாள். காலையிலிருந்து தைத்த இடத்தில் லேசாக ஓர் அரிப்பு. ஆறுகிற அரிப்பா, வளருகிற அரிப்பா என்று விரலுக்குத் தெரியவில்லை.

டீ நேரத்தில் பொறுக்க முடியாமல் ஃபக்ருன்னிசாவின் மேசைக்குப் போனாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நீலப் பெட்டியை மேசையில் திறந்து வைத்துவிட்டு, சீலைச் சோதிக்கும் லென்ஸ் விளக்கின் கீழே இடது காதை நீட்டினாள்.

"சாயங்காலம் டாக்டரே பாக்கப்போவுது, நீ எதுக்குடி என்கிட்ட வர?"

"நீ மொதல்ல பாத்துச் சொல்லு. அங்க போயி திடுக்குன்னு ஆவக்கூடாது."

ஃபக்ருன்னிசா முந்தானையால் லென்ஸைத் துடைத்தாள். விளக்கைத் தாழ்த்தி, சீலின் விளிம்பைத் தடவும் அதே விரலால் மடலின் கோட்டை மேலிருந்து கீழே தடவினாள். பாதி வழியில் விரல் நின்றது. மறுபடியும் மேலிருந்து ஆரம்பித்தது.

"இன்னாடி?"

"அசையாத. இன்னும் பாத்துக்கினுதான் கீறேன்."

பஞ்சவர்ணம் தலையை அசைக்காமல் மேசையையே பார்த்தாள். சிவப்பு டப்பாவுக்கும் பச்சை டப்பாவுக்கும் நடுவில் நீலப் பெட்டி திறந்திருந்தது. பக்கத்துக் கூடத்தில் பிரஸ் மெஷின் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் மேசை லேசாக அதிர்ந்தது. ஒவ்வோர் அதிர்வுக்கும் இரண்டு ஜிமிக்கிகளும் சேர்ந்தாற்போல ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து அடங்கின.