வீட்டிலேயே தங்கிவிட்ட குரல்

ஜெராக்ஸ் கடைக்காரியின் மகள் கல்லூரிக்குக் கிளம்பிய அன்று அவளுடைய குரல் அவளோடு போகவில்லை. பெட்டி போனது, மெத்தை போனது, அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அம்மா திணித்த காய்ச்சல் மாத்திரை போனது. குரல் மட்டும் மாடி வீட்டிலேயே நின்றுவிட்டது. நம்பாதவர்கள் அந்த வீட்டுக்குக் கீழே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக்கைப் போய்க் கேட்கட்டும். வாயைத் திறந்தால் பொய் சொல்கிற ஆள்தான், நாளைக்கு வண்டி ரெடி என்பார். ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொன்னது அத்தனையும் நிஜம்.

மகளை பஸ் ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வீடு திரும்பிய அம்மா கதவைத் திறந்ததும், "அம்மா, துண்டை மறந்துட்டேன், எடுத்துக் குடேன்" என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. உள்ளே ஆள் இல்லை. அவள் பயந்து கத்தியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவளோ துண்டைக் கொண்டுபோய்க் கொக்கியில் மாட்டி, "எத்தனை தடவ சொல்றது உனக்கு" என்று திட்டினாள். அந்த வீட்டில் அவர்கள் இருவர்தான். கணவன் எப்போதோ வேறு குடும்பம் தேடிப் போய்விட்டான். மகள் கிளம்பிய அன்றிலிருந்து கடை பூட்டி வந்ததும் மெஷினில் பேப்பர் சிக்கிய கதையையும், நனைந்த சான்றிதழைக் கொண்டுவந்து காயவைத்துத் தரச்சொன்ன ஆளின் கதையையும் அவள் குரலிடம் சொல்வாள். குரல் விழுந்து விழுந்து சிரிக்கும். பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிய தாய்மார்கள் இளைத்துப்போவார்கள், இவள் ஒரு சுற்றுப் பெருத்தாள்.

கல்லூரியில் முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து தங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னார்கள். மகள் எழுந்தாள், வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. விடுதி வார்டனம்மா அலட்டிக்கொள்ளவே இல்லை. முதல் வருடத்தில் எல்லாருமே எதையாவது வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த வருடமே ஒருத்தி தூக்கத்தை விட்டு வந்திருந்தாள். ஊரில் அவள் அப்பா வேலைக்குப் போகாமல் இரண்டு பேர் தூக்கத்தையும் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருத்தன் நிழலை விட்டு வந்திருந்தான். வீட்டு நாய் அதில் சுகமாகப் படுத்துக் கிடந்தது. "ஒரு மாசம், மிஞ்சிப்போனா ரெண்டு மாசம். தானா வந்து சேந்துடும்" என்றாள் வார்டனம்மா. சொன்னபடி தூக்கம் வந்தது, அதுவும் சரியாகப் பரீட்சை அன்றைக்கு. நிழலும் வந்தது. குரல் வரவில்லை. பதில் சொல்ல ஆள் இருக்கிற வீட்டை விட்டு அது ஏன் வரப்போகிறது?

சீனியர்கள் அவளுடைய மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு மொட்டை வெயிலில் நிற்கவைத்தார்கள், 'சைலண்ட்' என்று பெயரும் வைத்தார்கள். அவள் போனில் அம்மாவுக்கு எழுதிக் கேட்டாள்: என் குரல் அங்கே இருக்கிறதா? அம்மா, இங்கே ஒன்றும் இல்லை, தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் குடி என்று பதில் எழுதினாள். எழுதும்போதே அவள் தோளுக்குப் பின்னாலிருந்து, "புளுகுறியேம்மா" என்றது குரல். இரண்டு பேருமாகச் சிரித்துக்கொண்டார்கள். பாவி, சிரித்தாள்.

சைலண்டின் அறைத்தோழிக்கு 'ரேடியோ' என்று பெயர். தூங்கும்போதுகூட வாய் ஓயாது. வகுப்பில் சைலண்டின் பேரைக் கூப்பிட்டால் இவள் எழுந்து, "இருக்கா சார், நானும் இருக்கேன்" என்பாள். சீனியர்களிடம் சைலண்டுக்காகச் சண்டை போட்டாள். சாப்பாட்டு வரிசையில் அவள் முகத்தைப் பார்த்தே என்ன வேண்டும் என்று கேட்டு வாங்கிக் கொடுத்தாள். ஊர் பேர் தெரியாத இடத்தில் அப்படி ஒருத்தி கிடைப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம்!

முதலாண்டு மாணவர்களுக்கு வரவேற்பு விழா வைத்தார்கள். அதற்காகப் பெண்கள் விடுதி மொட்டைமாடியில் ஆடிப் பழகினார்கள். அங்கே ஒரு பக்கம் குழாய் பதிக்கக் கைப்பிடிச் சுவரை இடித்தவர்கள், திரும்பக் கட்ட மறந்துவிட்டார்கள். ரேடியோ போனில் ஆட்டத்தைப் படம்பிடித்தபடி, எல்லாரும் திரைக்குள் வரவேண்டும் என்று சுவர் இல்லாத பக்கமாகப் பின்னோக்கியே நடந்தாள். ஆடியவர்கள் பாட்டின் கணக்கில் இருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியருகே நின்ற சைலண்ட் மட்டும் பார்த்தாள். பார்த்ததும் வாயைத் திறந்து தன் பலம் எல்லாவற்றையும் கூட்டிக் கத்தினாள்.

அந்தக் கத்தல் வெகுதூரத்தில், மாடி வீட்டு அடுக்களையில் கேட்டது. "ஏய், பின்னாடி பாருடி! நில்லு! நில்லுடி!" அம்மா கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டுத் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது. மெக்கானிக் ஸ்பேனரும் கையுமாக மாடிப்படி ஏறி ஓடிவந்தார். தெரு முழுக்க அது கேட்டது. ரேடியோவுக்கு மட்டும் கேட்கவில்லை. சைலண்ட் ஓடிப்போய் நீட்டிய கைக்கு அவள் எட்டவில்லை.

உடலை வாங்க வந்த ரேடியோவின் அப்பா, ஒரு பாத்திரக் கடைக்காரர், யாரையும் ஏசவில்லை. சைலண்ட் முன்னால் வந்து நின்று, "நீ பாத்தியாமே. ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதாம்மா?" என்று மட்டும் கேட்டார். அவளால் அழக்கூட முடியவில்லை, அழுகைச் சத்தமும் வீட்டில்தான் கேட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவள் அம்மாவுக்கு ஒரே வரி எழுதினாள்: அதை அனுப்பிவிடு.

அம்மா பாசமாகச் சொல்லிப் பார்த்தாள். "எனக்கு பயமா இருக்கும்மா" என்றது குரல். பிறகு பதில் பேசுவதை நிறுத்தினாள். அது கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை இப்படியா அழவிடுவது என்று அக்கம்பக்கத்தார் வந்து சண்டை பிடித்தார்கள். அப்படியும் அது அசையாததைப் பார்த்து, கதவை விரியத் திறந்துவைத்து, "எம் பிள்ளைக்கு எமனா வந்து சேந்திருக்கியே! இந்த வீட்டுல உனக்கு இடமில்ல, போய்த் தொலை" என்று கத்தினாள். படியிறங்கும் விசும்பலை மெக்கானிக் கேட்டார். ஆளில்லாத சீட்டிலிருந்து வழிநெடுக அழுகை வந்ததாகவும், மனசு கேட்காமல் டிக்கெட் கேட்கவில்லை என்றும் அந்தத் தடத்து கண்டக்டர் பிறகு சொன்னார்.

குரல் சேர்ந்ததும் மகள் முதலில் பாத்திரக் கடைக்காரரிடம் போனாள். கத்தினேன், எங்கள் வீட்டில் கேட்டது என்றாள். அவர் அதைச் சந்தேகிக்கவில்லை. என்ன சொல்லிக் கத்தினாய் என்று கேட்டார், சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்து அனுப்பினார்.

வரவேற்பு விழா நடக்கவே இல்லை. சுவர் கட்டப்பட்டது. மகள் படிப்பை முடித்தாள், வேலைக்குப் போனாள், கூட்டங்களில் எழுந்து பேசினாள். ஆனால் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் குரல் படிக்கட்டின் அடியிலேயே நின்றுவிடும், மேலே வராது. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். போ என்று சொன்ன வாயால் வா என்றால் யார்தான் வருவார்கள்? அதனால் மகள் வரும் நாட்களில் மெக்கானிக் இரண்டு வண்டிகளைத் தள்ளி நிறுத்தி, ஒர்க்‌ஷாப் வாசலில் இரண்டு நாற்காலி போட்டுவைப்பார். தாயும் மகளும் ஆயில் நாற்றத்தில் உட்கார்ந்து, வேலை, உடம்பு, மழை, சம்பளம் என்று பேச வேண்டியதையெல்லாம் பேசி முடிப்பார்கள். பிறகு மேலே போய், ஒரு வார்த்தை இல்லாமல் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வார்கள்.