லாக் இருக்கு சார்

விமானப் பட்டறையின் பயிற்சிக் கூடத்தில் பாடம் எடுக்கும் அவருக்கு முகத்துக்கு நேரே சார், முதுகுக்குப் பின்னால் வாய்ப்பாடு. விமானத்தின் வயிற்றுக்கு அடியில் நுழைந்து வேலை பார்க்கப் போகிறவன் எதற்குப் பிறகு எதைச் செய்ய வேண்டும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல ராகம் போட்டுப் பாட வைத்துவிடுவார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும் என்பார். வந்தது. அவரிடம் படித்த ஒருத்தன், கல்யாணமான புதிதில், "கதவத் தொறந்தாச்சு, லாக்கப் போட்டாச்சு, தொட்டும் பாத்தாச்சு" என்று தூக்கத்தில் உளறப்போய், சங்கதி பெண் வீட்டார் வரைக்கும் போய்ச் சந்தி சிரித்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி வாய்ப்பாடு மகிழ்ந்துபோவார். தன் சரக்கு அத்தனை கெட்டி என்பதற்கு வேறு சாட்சி எதற்கு என்பது அவர் எண்ணம்.

அந்தச் சரக்கில்தான் இப்போது ஓட்டை என்று பேச்சு. ஓட்டை விழுந்த இடம், அவரிடமே படித்த அவருடைய சொந்த மைத்துனன்.

தரையில் நிற்கும் விமானத்தின் அடியில், சக்கரங்களுக்கு மேலே, ஒரு பெரிய கதவு திறந்து தொங்கும். எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் ஓர் இரும்புத் தண்டு அதை இழுத்து மூடும். வேறு ஏதோ வேலைக்காக எவனோ எங்கோ பம்பைப் போட்டால் போதும், கதவு மூடிக்கொள்ளும். நடுவில் நிற்பது எலும்பா இரும்பா என்று அது விசாரிக்காது. அதனால் உள்ளே போகிறவன் முதலில் அந்தத் தண்டின் மேல் கனமான இரும்பு உறை ஒன்றை மாட்ட வேண்டும். அதுதான் லாக். அது இருந்தால் தண்டு அசையாது.

மைத்துனன் உள்ளே இருந்தபோது கதவு மூடிக்கொண்டது. ஆளை வெளியே இழுத்துவிட்டார்கள். வலது கையைத்தான் தோளோடு எடுக்க வேண்டியதாயிற்று. லாக் அந்த நேரத்தில் கருவி அறை ஆணியில், யாரும் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மயக்கம் தெளிந்து அவன் பேசிய முதல் பேச்சு, "லாக் இருந்துச்சு. தொட்டுப் பாத்தேன்" என்பதுதான். விசாரிக்க வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கை போன பின்னும் வாய் குறையவில்லை பார் என்று பட்டறையில் பேசினார்கள். கவனக்குறைவு, அதற்கு மேல் பொய் என்று எழுதிவிட்டால் அவனுடைய உரிமம் போய்விடும். ஒற்றைக் கையோடு ஒரு மூலையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைகூடக் கிடைக்காது. மேலாளருக்கு அதில் வருத்தம் இருந்தது என்றே சொல்ல வேண்டும். ஆனால் நட்டத்தை யார் தலையில் இறக்கினால் மலிவாக முடியும் என்று பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. ஒருத்தன் தலையோடு முடிந்தால் கம்பெனிக்குச் சேதாரம் குறைவு.

வாய்ப்பாடும் அதையேதான் சொன்னார். நான் சரியாகத்தான் சொல்லிக் கொடுத்தேன், அவன்தான் அசட்டையாக இருந்துவிட்டான். மேலாளரிடம் ஒரு தடவை, தன் நெஞ்சுக்குப் பல தடவை. வீட்டில் சொன்னபோது மனைவி அழவில்லை. ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டபடி கேட்டாள்.

"என் தம்பி பொய் சொல்றவன் இல்ல. நீங்க தப்பா சொல்லிக் குடுக்குறவரும் இல்ல. அப்ப அவன் கை எங்கங்க போச்சு?"



விசாரணை அதிகாரி ஓர் அம்மாள். குரல் தாழ்ந்தே இருக்கும். பேசுவதைவிட அதிகமாக இருமுவார். ஒருநாள் காலை சொல்லாமல் கொள்ளாமல் பயிற்சிக் கூடத்துக்கே வந்து நின்றுவிட்டார். வாய்ப்பாடு வாசலில் வண்டியை நிறுத்தும்போதே மேலாளர் ஓடிவந்து தோளில் கை போட்டு உள்ளே தள்ளிக்கொண்டு போனார். அந்த அம்மாளுக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டுமாம். இங்கே படித்தவன் கதவுக்குள் எப்படிப் போகிறான் என்று கண்ணால் பார்க்க வேண்டும்.

வாய்ப்பாட்டுக்கு அந்த வார்த்தை தேனாக இனித்தது. தன் வகுப்பிலேயே கெட்டிக்காரனைக் கூப்பிட்டார். நிறுத்தாமல் ஒப்பிப்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். பழைய விமானம் ஒன்றிலிருந்து வெட்டி எடுத்து, தண்டோடும் பம்போடும் இரும்புச் சட்டத்தில் தொங்கவிட்ட கதவு அங்கே பாடத்துக்கென்றே இருந்தது. ரேடியோ அதன் முன்னால் போய் நின்று ஆரம்பித்தான். பம்பு நிறுத்தியாச்சு, அறிவிப்புப் பலகை மாட்டியாச்சு, கதவு முழுசாத் திறந்தாச்சு. ஒரு சொல் பிசகவில்லை. பிறகு வலது கையை உயர்த்தி, கதவுக்குள்ளே கண்ணுக்கு எட்டாத அந்த இடத்தில் இரண்டு தட்டுத் தட்டி, லாக் போட்டாச்சு, தொட்டும் பாத்தாச்சு என்று முடித்துவிட்டு இடுப்பு வரைக்கும் உள்ளே நுழைந்தான்.

அம்மாள் தலையசைத்தார். மேலாளரின் முகத்தில் பேரம் படிந்துவிட்ட நிம்மதி.

வாய்ப்பாட்டின் கண் மட்டும் சுவரோரத்து அலமாரியில் நின்றுவிட்டது. கூடத்து லாக் அங்கே இருந்தது. நேற்று மாலை அவர் வைத்த இடத்திலேயே.

தினமும் காலையில் வகுப்புக்கு ஆள் வருமுன்பே லாக்கைக் கொண்டுபோய்த் தண்டில் மாட்டிவிடுவது அவர் வழக்கம். என்றைக்கோ ஒருத்தன் விரலை நசுக்கிக்கொள்ளப் பார்த்தான். அன்றிலிருந்து, படிக்க வருகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று தன் கையாலேயே மாட்டி, மாலையில் தன் கையாலேயே கழற்றி வைப்பார். பகல் முழுக்கப் பிள்ளைகள் வரிசையில் வந்து, கையை உயர்த்தி, தட்டி, இருக்கு சார் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எப்போதும் இருந்தது. இல்லாத நாள் என்று ஒன்றை அவர்கள் பார்த்ததே இல்லை. வெறும் தண்டும் இரும்புதான், லாக்கும் இரும்புதான். தட்டினால் இரண்டும் சில்லென்றுதான் இருக்கும். இன்று காலை மேலாளர் தோளில் கை போட்டு இழுத்து வந்ததில் மாட்டுவதற்கு நேரமில்லாமல் போயிற்று.

பேசாமல் இருந்தால் அம்மாள் இருமிக்கொண்டே போய்விடுவார். தன் பெயருக்கு ஒரு கீறல் விழாது. மைத்துனன்தான் ஏற்கெனவே பொய்யன் ஆகிவிட்டானே.

"வெளிய வாப்பா," என்றார்.

ரேடியோ வந்தான்.

"லாக் இருக்கா?"

"இருக்கு சார். தொட்டுப் பாத்தேன்."

முகத்தில் கள்ளம் இல்லை. படுக்கையில் கிடந்த இன்னொரு முகத்திலும் அது இல்லாமல்தான் இருந்தது. அவர்தான் பார்க்க மறுத்துவிட்டார். ரேடியோவின் தலையிலிருந்த பாதுகாப்புத் தொப்பியைக் கழற்றி, கதவுக்குள் அவன் தலை இருந்த இடத்தில் வைத்தார். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். பலகையை எடுத்துவிட்டுப் பம்பைப் போட்டார்.

கதவு மூடியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. தடித்த பிளாஸ்டிக் நொறுங்கும் சத்தம்தான். ரேடியோ தன் தலையை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"லாக்க தினமும் நான் மாட்டிடுவேம்மா," என்றார் வாய்ப்பாடு. "என்கிட்டப் படிச்ச ஒருத்தனும் இந்தக் கூடத்துல அத மாட்டினதே இல்ல. தட்டத்தான் தெரியும். என் மச்சான் பொய் சொல்லல. தட்டிப் பாத்திருக்கான்."

மேலாளர் அவரை ஓரமாக இழுத்துப்போய், இதை இத்தோடு விட்டுவிடலாம், வெளியே தெரிந்தால் கூடத்தையே மூடிவிடுவார்கள், உங்களுக்கும் இது கடைசி நாள் என்று காதோடு காதாகச் சொன்னார். மூடுங்க என்றார் வாய்ப்பாடு. அதற்குள் அம்மாள் எழுத ஆரம்பித்திருந்தார். எல்லாப் பட்டறைக்கும் நாளைக்குள் சுற்றறிக்கை போய்விடும் என்று அவர் சொன்னதும் இவர் கதவுகளை எண்ண ஆரம்பித்தார். நாளைக்குள் எத்தனை கதவு திறக்கும்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போனை எடுத்துவிட்டார். படித்துப் போனவர்கள் எங்கெங்கேயோ இருந்தார்கள். ஒருத்தன் இப்போது கறிகாய் வியாபாரம் என்றான். அவனுக்கு மட்டும் சந்தோஷமாக வாழ்த்துச் சொன்னார். மற்றவர்களிடம் கையால் தட்டாதே, உன் கையால் மாட்டு, மாட்டியதைக் கண்ணால் பார் என்று கெஞ்சினார். சாருக்கு என்ன ஆச்சு என்று சிலர் சிரித்தார்கள்.

மைத்துனனின் அறையில் மனைவி கட்டிலோரமாக உட்கார்ந்திருந்தாள். காலியான தோள்பக்கம் போர்வை தட்டையாகக் கிடந்தது. கட்டிலருகே போய் நின்றவரின் கையில் போன் அடித்தது. தவறிய அழைப்பைப் பார்த்துக் கூப்பிடுகிற பழைய மாணவன் ஒருத்தன். ஒலிபெருக்கியைப் போட்டார்.

"சொல்லுங்க சார். கதவுக்குள்ளதான் நிக்கிறேன், சீக்கிரம் சொல்லுங்க."

"லாக் இருக்காப்பா?"

"இருக்கு சார். தொட்டுப் பாத்தேனே."

கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தவன் கண்ணைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான், மாமாவைப் பார்த்தான். இருக்கிற ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தான்; முடியவில்லை.

"வெளிய வரச் சொல்லுங்க மாமா," என்றான். "கேக்காதீங்க. வெளிய வரச் சொல்லுங்க."

வாய்ப்பாடு சொன்னார். மறுபடியும் சொன்னார். அந்தப் பக்கம் எதுவோ உரசியது. இரும்பின் மேல் கால் வைக்கும் சத்தம். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. மனைவி எழுந்து வந்து போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துட்டேன் சார்," என்றது குரல். "சார்... இங்க வெறும் தண்டுதான் இருக்கு."