வெள்ளைக் கத்தியின் நுனி

அக்காவும் அத்தானும் வீட்டின் பின்னறையில் பழம் நறுக்கி, டப்பாவில் அடைத்து, அலுவலகங்களுக்குக் கொடுத்து வந்தார்கள். அன்று முதல்முறையாக ஒரு மழலையர் காப்பகத்திலிருந்து ஆர்டர் வந்திருந்தது. ஆப்பிள் மட்டும், தோல் சீவி, சின்னத் துண்டுகளாக.

அக்காவுக்கு மணிக்கட்டு வலி. பழைய ஸ்டீல் கத்தியைத் தூக்கத் தூக்க அது கூடிக்கொண்டே போனது. அதனால்தான் நான் பீங்கான் மாதிரி வெள்ளையாக இருக்கும் ஒரு செராமிக் கத்தி வாங்கி வந்தேன்.

"என்னடி இது, பொம்மைக் கத்தி மாதிரி இருக்கு?"

"வெட்டிப் பாரு."

ஆப்பிள் இரண்டாகப் பிரிந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

"அடிப்பாவி, இத்தன நாளா இத எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

நறுக்கிய துண்டுகள் சீக்கிரம் பழுப்பாகவும் இல்லை. நிறம் மாறுவதற்குக் காரணம் ஆப்பிளில் இருக்கும் நொதி, கத்தி அல்ல. ஆனால் கூர்மையான விளிம்பில் செல்கள் குறைவாக நசுங்குகின்றன. இதை நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அத்தான் குறுக்கிட்டார்.

"துருப்பிடிக்காது, அடிக்கடி சாணை பிடிக்க வேண்டாம், கனமும் இல்ல. மாப்பிள்ளைகூட இவ்வளவு குறையில்லாம அமையாது."

"எனக்கு அமையலியே" என்றாள் அக்கா.

"இதுலயும் குறை இருக்கு" என்றேன். "எலும்பு, கொட்டை, உறைஞ்சது எதையும் வெட்டக் கூடாது. கீழ போடக் கூடாது. முக்கியமா, திருகக் கூடாது. ஸ்டீல் மாதிரி வளையாது, உடைஞ்சிடும்."

"சரிங்க டீச்சரம்மா" என்றாள் அக்கா.

நறுக்கி முடித்ததும் அத்தான் வழக்கம்போல ஒரு பெரிய காந்தத்தை எடுத்துத் தட்டுகளின் மேல் மெதுவாக நகர்த்தினார். ஒருமுறை டின் திறப்பானிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்கு ஒன்று பழத்தில் கிடந்ததிலிருந்து இது அவருடைய வேலை. இதைச் செய்யாமல் ஒரு டப்பாவையும் மூடவிட மாட்டார்.

"சுத்தம்" என்றார். அக்கா டப்பாக்களையும் மூடிகளையும் எடுத்தாள்.

நான் கத்தியைக் கழுவிக்கொண்டிருந்தேன். நுனி மழுங்கித் தெரிந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனியே இல்லை.

"அக்கா, டப்பால போடாத."

"நான் திருகவே இல்லடி" என்றாள் அக்கா, கத்தியைப் பார்த்ததும். சொல்லிக்கொண்டே அவள் வலது கை காற்றில் ஆப்பிளின் நடுவில் குத்தி, ஒரு சுழற்று சுழற்றி, விதைப்பகுதியை நெம்பி எடுக்கப் போனது. பாதியில் நின்றது. "ஐயோ" என்றாள்.

"எதுக்குப் பதறுறீங்க? காந்தம் போட்டாச்சே" என்றார் அத்தான்.

"அத்தான், அது உலோகம் இல்ல. காந்தத்துல ஒட்டாது."

அவர் காந்தத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அது இத்தனை நாளும் தன்னிடம் பொய் சொல்லியதைப்போல.

வெள்ளை ஆப்பிளில் வெள்ளைத் துண்டு. கண்ணால் தேடிப் பயனில்லை. பெரிய அண்டாவில் தண்ணீர் பிடிக்கச் சொன்னேன். ஆப்பிள் மிதக்கும், செராமிக் கல்லைவிடக் கனம், அடியில் போய்விடும். தட்டுகளைக் கவிழ்த்து மெதுவாகக் கலக்கினேன். மிதந்ததையெல்லாம் அரித்து எடுத்தபின் அடியில் அது கிடந்தது.

"கிடைச்சிடுச்சு!" அத்தான் டப்பாக்களை எடுத்தார்.

நான் துண்டைக் கத்தியோடு பொருத்திப் பார்த்தேன். ஓரத்தில் இடைவெளி இருந்தது. கடுகைவிடச் சின்னது. மறுபடி அலசினோம். விதைப்பகுதிகள் கிடந்த வாளியையும் கவிழ்த்தோம். இல்லை.

"அம்மாடி, பல்லு தேய்க்கும்போது அதவிடப் பெருசா உள்ள போகுது" என்றார் அத்தான். "முதல் ஆர்டர். இன்னைக்கு இல்லன்னா நாளைக்கு நம்மள யாரு கூப்பிடுவா?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல, அத்தான். ஏதாவது துண்டுல குத்திக்கிட்டு மிதக்கலாம். குழந்தைங்க வாய்ல போற பொருள்."

அக்கா போனை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீயே சொல்லு. நான் பேசினா மழுப்பிடுவேன்."

எனக்குத் தெரிந்தவர்களிடம் போனில் பேசவே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எதிர்முனையில் ஒரு பெண்குரல் "சொல்லுங்க" என்றது. பின்னால் குழந்தைகளின் சத்தம்.

"கத்தி நுனி உடைஞ்சிடுச்சு. ஒரு பொடித்துண்டு கிடைக்கல. அதனால இன்னைக்கு ஆப்பிள் அனுப்பல. மன்னிச்சிடுங்க."

அந்தப் பெண் குழந்தைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு என்னிடம் கேட்டார்.

"வெட்டாத பழம் ஏதாவது இருக்கா?"

அலுவலகங்களுக்காக வாங்கிய வாழைப்பழம் மூலையில் இருந்தது. சொன்னேன்.

"அத அனுப்புங்க. நாங்களே உரிச்சுக்கிறோம். நாளைக்கு ஆப்பிள் வருமா?"

அக்கா பழைய கத்தியை எடுத்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு வலியில் முகம் சுளித்தது.

"வரும். ஸ்டீல் கத்தி. நான் வெட்டுறேன்" என்றேன்.

போனை வைத்தபோது அத்தான் ஆப்பிளைக் குப்பைப்பையில் கொட்டிக்கொண்டிருந்தார். மனசு கேட்காமல் ஒரு துண்டை வாயில் போட்டார்.

"துப்புங்க!" என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.