டைரக்டரி இனி கேட்டால்தான் வரும்

1

நாட்டு மக்கள் அனைவரும் கைவேலையை நிறுத்திவிட்டு, முடிந்தால் எழுந்து நின்று, கேட்க வேண்டிய அறிவிப்பு இது. ஒரு யுகம் முடிவுக்கு வருகிறது. தொலைபேசி வைத்திருப்போர் அனைவரின் பெயர், முகவரி, எண் அடங்கியதும், ஆடுகிற மேசைக்குக் காலாகவும் குள்ளமான விருந்தாளிக்கு ஆசனமாகவும் பல காலம் தொண்டாற்றியதுமான அந்தப் பெருநூல், அதாவது டெலிபோன் டைரக்டரி, அடுத்த வருடம் முதல் கேட்காமல் வீடு தேடி வராது. வேண்டுவோர் உரிய அட்டையைப் பூர்த்தி செய்து, கையொப்பமிட்டு, மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். அட்டை இந்த வருட டைரக்டரியின் கடைசிப் பக்கத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

[டைரக்டரியின் கடைசிப் பக்கத்தை யாராவது பார்த்ததுண்டா என்று கேட்காதீர்கள். சந்தேகம் உள்ளவர்கள் அலுவலகத்துக்குப் போன் செய்யலாம் என்றும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நம்பருக்கு டைரக்டரியைப் பார்க்கவும் என்றும் இருக்கிறது.]

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது கதை அல்ல, கட்டுரை. மேலே இருக்கிற அறிவிப்பை நாலு பக்கம் கிண்டல் செய்துவிட்டு எழுந்துபோவதாக உத்தேசம். முதல் பத்தி முடிந்தபோது வாசல் மணி அடித்தது. டைரக்டரிக்காரர். தோளில் பை, கையில் புத்தகம், கக்கத்தில் கையெழுத்து நோட்டு.

“இனிமே வர மாட்டீங்களா?” என்றேன், கையெழுத்துப் போட்டபடி.

“நீங்க அட்டை அனுப்பினா வருவேன்.”

“அனுப்பினாப் போச்சு.”

“அனுப்புறவங்க முகம் எனக்குத் தெரியும் சார். உங்களுக்கு அந்த முகம் இல்ல.”

குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, “ஊர்ல எவன் அனுப்பினா என்ன, அனுப்பாட்டி என்ன. ஒரே ஒரு வீட்டு அட்டை வந்தாப் போதும் எனக்கு” என்றார்.

யார் வீடு என்று நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டேன். அவருடைய அக்கா வீடு. கட்டுரை அங்கேயே படுத்துவிட்டது.

2

தொடக்கம், முதல் முயற்சி: கதிரவன் தன் பொற்கரங்களால் தெருவைத் தழுவிக்கொண்டிருந்த அந்தக் காலை

(கதிரவனுக்கு வேறு வேலை இருக்கிறது.)

தொடக்கம், இரண்டாம் முயற்சி: அக்கா வீட்டு வாசலில் நின்றபோது அவருடைய நெஞ்சு

(நெஞ்சு என்ன செய்தது என்று அவர் சொல்லவில்லை. முழங்கால் வலித்ததைச் சொன்னார்.)

தொடக்கம், மூன்றாம் முயற்சி: டைரக்டரிக்காரருக்கு வயது ஐம்பத்திரண்டு. அக்கா வீடு இரண்டாவது மாடி. முழங்கால் வலித்தது.

இது நிற்கும். இதோடு போகலாம். இன்னொன்று: ஐம்பத்திரண்டு வயது ஆளை இனிமேல் ‘தம்பி’ என்றே எழுதப்போகிறேன். இந்தக் கதையில் அவருக்கு இருக்கிற ஒரே பதவி அதுதான். அதுவும் எட்டு வருடமாக இடைநிறுத்தத்தில் இருக்கிறது.

3

அக்காவுக்கும் தம்பிக்கும் எட்டு வருடமாகப் பேச்சு கிடையாது. ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். வாசகர்களுக்கு இது ஒரு வியாதி.

கம்பீரமான காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்தேன். பூர்வீக வீடு? ஊரில் இருக்கிற எல்லாக் கதையிலும் அந்த வீடு இடிந்துகொண்டிருக்கிறது. மனசுக்குப் பிடித்தவளைக் கல்யாணம் செய்ய அக்கா குறுக்கே நின்றாளா? தம்பிக்கு மனைவியைப் பார்த்துக் கட்டிவைத்ததே அக்காதான். அந்த இருவரும் இன்றைக்கும் வாரம் தவறாமல் கடைத்தெருவில் சந்தித்துத் தம்பியைத் திட்டிக்கொள்கிறார்கள்.

உண்மைக் காரணம் ஒரு மைக்.

அக்காவின் கணவர் குடிநீர் அலுவலகத்தில் முப்பத்து நாலு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். விழா எடுத்தார்கள். ஏற்புரை வழங்க எழுந்தார். நாற்பது நிமிடம் ஆனபோது அவர் தன் பணிவாழ்வின் மூன்றாம் ஆண்டில் இருந்தார். இன்னும் முப்பத்தோரு ஆண்டுகள் பாக்கி. பின்வரிசையில் ஒரு பெரியவர் நாற்காலியோடு சரிந்துகொண்டிருந்தார். மைக்கின் ஒயர் போய்ச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் தம்பி உட்கார்ந்திருந்தார்.

“கால் பட்டு ஒயர் கழண்டுச்சு” என்று இன்றுவரை சொல்கிறார். கால் அல்ல, கை.

பேச்சாளர் கவனிக்கவில்லை. சத்தமில்லாமல் நாலாம் ஆண்டுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். அக்கா அதைக்கூட மன்னித்திருப்பாள். ஆனால் பேச்சு முடிந்துவிட்டதென்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. அன்று மாலை நெடுகிலும் அவ்வளவு பலமான கைதட்டல் கேட்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டாள்.

கணவர் ஒரே வாரத்தில் மறந்துவிட்டார். “விடும்மா, நானே மறந்துட்டேன்” என்றார்.

“நீங்க மறப்பீங்க. நீங்க பேசிக்கிட்டு இருந்தீங்க. நான்ல கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

4

ஆனால் வருடத்துக்கு ஒரு முறை தம்பி அந்த வாசலில் நின்றாக வேண்டும். அவருடைய சொந்த விருப்பம் எதுவும் இதில் இல்லை. தொலைபேசி அலுவலகத்தின் உத்தரவு. அந்தப் பகுதிக்கு டைரக்டரி விநியோகம் அவர் பொறுப்பு. எந்த வீட்டையும் தாண்டிப் போக முடியாது. கையெழுத்து வாங்க வேண்டும். அக்காவும் கதவைத் திறந்தாக வேண்டும். திறக்கிறது தம்பிக்காக அல்ல, டைரக்டரிக்காக. யாருடைய மானமும் போகவில்லை.

[அலுவலகங்களைக் கிண்டல் செய்தே பிழைக்கிறவன் நான். இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும்: ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு நாசூக்காக உதவிய அலுவலக உத்தரவை நான் பார்த்ததில்லை.]

பேச்சு கிடையாது என்றேன். சாடை பேசுவதில் தடை எதுவும் இல்லை. எங்கள் மக்கள் கோபத்தில் இருக்கும்போது சுவரிடம் பேசுவார்கள், கதவிடம் பேசுவார்கள், யாரும் இல்லாத மூலையைப் பார்த்து நியாயம் கேட்பார்கள். இந்த இருவரும் டைரக்டரியிடம் பேசினார்கள்.

“இந்த வருஷம் ரொம்ப மெலிஞ்சுபோச்சே” என்பாள் அக்கா, புத்தகத்தைத் திருப்பிப் பார்த்து. “ஒழுங்கா சாப்பிடுறதில்ல போல.”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்பார் தம்பி, புத்தகத்தின் சார்பாக. “முதுகுதான் கொஞ்சம் விட்டுப்போச்சு.”

“வெயில்ல தொப்பி போடாம அலைஞ்சா விடாம என்ன செய்யும்.”

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுப்பார். “யாரும்மா?”

“டைரக்டரி.”

“உள்ள வரச்சொல்லேன், எவ்வளவு நேரம் வாசல்ல நிக்கும்.”

“டைரக்டரி எல்லாம் உள்ள வராது. அதுக்கு மைக் இருக்கிற இடந்தான் ஒத்துவரும்.”

பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் வாசற்படியில் வைக்கப்படும். யாருக்கென்று சொல்லப்படாது. தம்பி குடிப்பார். அக்கா கையெழுத்துப் போடுவாள். பதினைந்து நிமிடம். இப்படி எட்டு முறை. ஆக எட்டு வருடத்தில் இரண்டு மணி நேரம். சில கணவன் மனைவி பேசிக்கொள்வதைவிட இது அதிகம்.

5

இந்த வருடம் தம்பி ஒரு முடிவோடுதான் படி ஏறினார். அட்டையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நேராகச் சொல்ல முடியாது. முதலில் நேராகப் பேசுகிறவர் தோற்றவர். இருவரும் எழுதாமலே கையெழுத்திட்ட சட்டம் அது. அதனால் தெருமுனையில் நின்று, அட்டையின் முனை அரை விரல் வெளியே தெரிகிற மாதிரி கடைசிப் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டார்.

அக்கா வாங்கினாள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளைப் பார்த்தாள். உள்ளே தள்ளிவிட்டாள். எதுவும் நீட்டிக்கொண்டிருந்தால் அவளுக்குப் பிடிக்காது.

“கடைசிப் பக்கத்துல என்னமோ இருக்குன்னு பேசிக்கிறாங்க” என்றார் தம்பி கைப்பிடிச் சுவரைப் பார்த்து.

“முதல் பக்கத்தையே எவனும் படிக்கிறதில்ல. கடைசிப் பக்கத்தை யாரு படிக்கிறா?” என்றாள் அக்கா புத்தகத்திடம்.

“படிச்சாத் தேவலை.”

அக்கா நோட்டில் கையெழுத்துப் போட்டாள். அன்றைக்கு முதுகைப் பற்றிய விசாரணை இல்லை. தண்ணீர் மட்டும் வந்தது. தம்பி அதை எவ்வளவு மெதுவாகக் குடிக்க முடியுமோ அவ்வளவு மெதுவாகக் குடித்தார்.

என்னிடம் அவர் சொன்னது இதுவரைதான். “பார்ப்பாங்களா சார்?” என்று கேட்டார். நான் எழுத்தாளன் என்பதால் தெரிந்திருக்கும் என்று நினைத்தார்போல. காலி டம்ளரைத் திண்டில் வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டு மணியை அடிக்கப் போனார்.

இனி வருவது என் சொந்தச் சரக்கு.

6

மாதக் கடைசி நாள். தொலைபேசி அலுவலகத்தில் அட்டைகளுக்கென்று ஒரு தகரத் தட்டு. மொத்தம் பத்தொன்பது அட்டை வந்திருந்தது. அதில் நாலு, சோபா தைக்கிறவர் நாலு வீட்டு முகவரியில் அனுப்பியவை. உள்ளே திணிக்க அவருக்குத் தாள் தேவை. தம்பி தினமும் காலையில் ஒரு தடவை, சாப்பிடப் போகும்போது ஒரு தடவை, வந்து ஒரு தடவை தட்டைப் புரட்டினார். அக்கா வீட்டு அட்டை இல்லை.

மேலதிகாரி அந்த வாரம் முழுக்க உற்சாகமாக இருந்தார். “வாடிக்கையாளரின் விருப்பம்தான் நமக்கு வேதம்” என்று கூட்டத்தில் பேசியிருந்தார். விருப்பம் எப்படியெல்லாம் செல்லாமல் போகும் என்பதற்குப் பதினோரு விதிகளும் அவரே எழுதியிருந்தார்.

மூன்று மணிக்குத் தம்பி ஒரு வெற்று அட்டையை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்தார். முகவரி எழுதினார். ‘ஏன் தேவை’ என்ற கட்டத்தில் ‘நம்பர் பார்க்க’ என்று எழுதினார். பிறகு அக்காவின் கையெழுத்தைப் போட்டார். எட்டு வருடம் நோட்டில் பார்த்துப் பார்த்துப் பழகியது; கடைசியில் இழுக்கிற வால் உட்பட அச்சாக வந்தது. தட்டில் சொருகினார்.

[இந்த இடத்தில் எனக்கு அக்கா மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு வைராக்கியமான பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்புவாளா? எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.]

நாலு மணிக்குக் கடைசித் தபால் வந்தது. ஒரே ஓர் அட்டை. மேலதிகாரி எடுத்துப் பார்த்தார். தட்டிலிருந்து இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். அவர் முகத்தில் ஒளி பரவியது. ஒன்பதாவது விதிக்கு வேலை வந்துவிட்டது.

“ஒரே முகவரி, ரெண்டு அட்டை. விதிப்படி ரெண்டும் செல்லாது.”

“சார், அவங்க ஞாபகமறதியா ரெண்டு தடவை அனுப்பியிருப்பாங்க” என்றார் தம்பி.

“அப்போ அடுத்த வருஷம் ஞாபகமா ஒண்ணு அனுப்பட்டும்.”

“அடுத்த வருஷம் புத்தகமே போகலைன்னா அட்டை எங்க சார் இருக்கும்?”

மேலதிகாரி கொஞ்சம் யோசித்தார். “விதியில அது வரலை” என்றார்.

செல்லாத அட்டைகளை அவர் குப்பைக்கூடையில் போட்டதும் தம்பி குனிந்து எடுத்தார். அக்கா அனுப்பிய அட்டையில் ‘ஏன் தேவை’ என்ற கட்டம் போதாமல் ஓரத்திலும் எழுத்து ஏறியிருந்தது. ‘வழக்கமாகக் கொண்டுவருகிறவரே கொண்டுவர வேண்டும். வேறு ஆள் வந்தால் கதவு திறக்கப்படாது.’

7

முடிவு, முதல் வகை: மேலதிகாரி மனம் மாறுகிறார்.

(இருபது வருடமாக மேலதிகாரிகளைப் பற்றி எழுதுகிறேன். மன்னிக்கவும்.)

முடிவு, இரண்டாம் வகை: அடுத்த வருடம் தம்பி அலுவலகத்திலிருந்து ஒரு பிரதியைத் திருடிக்கொண்டு

(ஒரு மைக் ஒயருக்கே எட்டு வருடம். திருட்டு என்றால் ஆயுள் தண்டனை.)

முடிவு, மூன்றாம் வகை: அடுத்த வருடம், வழக்கமாகப் புத்தகம் கொடுக்கிற அந்த நாளில் தம்பி வெறும் கையோடு இரண்டு மாடி ஏறி மணியை அடிக்கிறார். அக்கா கதவைத் திறக்கிறாள். அவர் கையைப் பார்க்கிறாள். பேசுவதற்குப் புத்தகம் இல்லை. கைப்பிடிச் சுவரைப் பார்க்கிறாள். உள்ளேயிருந்து கணவர், “யாரும்மா?” என்கிறார். வழக்கமான பதில் இந்தத் தடவை செல்லாது. ஏனென்றால் இத்தனை வருடத்தில் முதல் தடவையாக வந்திருப்பது டைரக்டரி அல்ல.

பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து, “கையெழுத்து எங்கடா போடணும்?” என்கிறாள்.

இதை எழுதிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அதனாலேயே எனக்கு இதன்மேல் நம்பிக்கை இல்லை. என்னையே துடைக்க வைக்கிற முடிவில் ஏதோ கலப்படம் இருக்க வேண்டும்.

8

எனவே முடிவை உங்கள் கையில் கொடுத்துவிடுகிறேன். இதை எழுதும் இன்று தேதி இருபத்தாறு. மாதம் முடிய இன்னும் நாட்கள் இருக்கின்றன. தம்பி நாளைக் காலையும் தட்டைப் புரட்டுவார். அக்கா அந்தப் புத்தகத்தைத் திருப்பிப் பார்த்தாளா, அல்லது மேசைக்குக் கீழே தள்ளிவிட்டாளா என்பது எனக்குத் தெரியாது. ஒரு பிரிவு நீளுமா முடியுமா என்பது ஓர் அட்டையில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் நேற்று எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மூன்று முடிவில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது தோன்றினால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு தகவல் மட்டும் விடுபட்டுவிட்டது. கட்டுரைக்காகக் குறித்து வைத்திருந்தேன். இரண்டு பேர் வீட்டிலும் டெலிபோன் இருக்கிறது.